கடல் சூழாத் தீவு

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலத்தைத் தீவு என்கிறோம். நாற்புறமும் வேற்றரசின் நிலத்தால் சூழப்பட்டு, தனக்கெனச் சட்டமும் நாணயமும் கொண்டு வாழ்ந்த தீவு ஒன்றும் நம் தமிழகத்தில் இருந்தது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானமே அது.

திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் என்னும் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளுக்கு நடுவே, 1,178 சதுர மைல் பரப்பில் அது அமைந்திருந்தது. 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் நான்கு இலட்சத்திற்குச் சற்று மேல். கடற்கரை அதற்குக் கிடையாது. இன்றைய மாவட்டத்தில் நாம் காணும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் பின்னாளில் வந்து சேர்ந்தவை.

பெரிய அரசின் நிழலில் சிறிய நாடு பிழைப்பது எளிதன்று. தொண்டைமான்கள் ஆங்கிலேயரின் நட்பைப் பற்றிக்கொண்டனர். அதனால் கப்பம் கட்டாமலே தம் நாட்டைக் காத்துக்கொண்டனர். அந்த நட்பிற்கு விலையும் இருந்தது. 1799இல் அடைக்கலம் நாடி இப்பகுதிக்கு வந்த வீரபாண்டியக் கட்டபொம்மன் இங்கே பிடிபட்டு, ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார், கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டையின் புகழைப் பேசும்போது இந்தக் கறையையும் நாம் மறைக்கலாகாது.

ஆயினும், கிடைத்த தன்னாட்சி வீணாகிவிடவில்லை. 1878 முதல் 1894 வரை திவானாயிருந்த சேஷய்ய சாஸ்திரியார் நகரின் குளங்களைச் சீர்படுத்தினார்; நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். 1910இல் அருங்காட்சியகம் தோன்றியது. 1924இல் சட்டசபை அமைந்தது. நாட்டின் மருத்துவத்திற்கும் பெண்ணுரிமைக்கும் பெருந்தொண்டாற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், இங்குள்ள மன்னர் கல்லூரியில் மாணவர்களிடையே ஒரே மாணவியாய் அமர்ந்து கற்றார்.

நம் திருச்சபைக்கும் இம்மண்ணில் ஆழ்ந்த வேர் உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருவான பூஷே அடிகளார் ஆவூரில் ஆலயம் எழுப்பினார். வீரமாமுனிவரும் அவ்வூரில் பணியாற்றியவரே. இன்று காணும் பெரிய ஆலயம் 1747ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாஸ்கா காலத் தேர்த் திருவிழாவில் எல்லாச் சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். சிறு நாட்டில் சிறு மந்தையாய் வாழ்ந்த நம் முன்னோர், அண்டை வீட்டாருக்கு அந்நியராகிவிடவில்லை என்பதற்கு அத்தேரே சாட்சி.

இத்தகைய சிறு நாடுகள் இன்றும் உலகில் உண்டு. தென் பசிபிக் கடலில் நியூவே என்றொரு பாலினேசியத் தீவு இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்குதான். மக்கள் இரண்டாயிரத்திற்கும் குறைவு. தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்கின்றனர். பாதுகாப்புப் பொறுப்பு நியூசிலாந்தைச் சார்ந்தது. அங்குள்ள கத்தோலிக்கரும் ஒரு சிறு மந்தையே. குக் தீவுகளோடு சேர்ந்து ரரோதோங்கா மறைமாவட்டத்திற்கு உட்பட்டவர்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நியூவே மக்கள் 1974இல் வாக்களித்துத் தன்னாட்சியைத் தேர்ந்துகொண்டனர். புதுக்கோட்டையோ 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் இந்திய யூனியனில் இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. ஆறு வயதில் அரியணை ஏறிய இராஜகோபாலத் தொண்டைமானே கடைசி மன்னர். நியூவே தன்னாட்சி பெற்ற அதே 1974ஆம் ஆண்டில், ஜனவரி 14 அன்று, புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அரசர் வாழ்ந்த அரண்மனை ஆட்சியர் அலுவலகமாயிற்று. அன்று அரசகுடும்பத்தார் நடமாடிய இடத்தில் இன்று பட்டாவுக்கும் ஓய்வூதியத்திற்கும் மனுவோடு ஏழை எளியோர் காத்து நிற்கின்றனர்.

இவ்விரு நாடுகளையும் ஒருங்கே எண்ணும்போது ஒன்று புலனாகிறது. நியூவே தன் ஆட்சியைக் காத்துக்கொண்டது. ஆனால் அதன் மக்களுள் பெரும்பாலோர் பிழைப்பு நாடி நியூசிலாந்து சென்றுவிட்டனர். புதுக்கோட்டை தன் முடியை இழந்தது. மக்களோ இங்கேயே வேரூன்றி நிற்கின்றனர். நாட்டின் சிறுமையும் பெருமையும் பரப்பால் வருவதன்று. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களை அது எங்ஙனம் பேணியது என்பதே அளவுகோல். இந்த அளவுகோல் குடும்பம் என்னும் சிறு அரசுக்கும் பொருந்தும் அன்றோ?

அடுத்த முறை ஆவூர்த் திருவிழாவிற்குச் செல்லும் அன்பர்கள், புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்திற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பிரகதாம்பாள் உருவம் ஒருபுறமும், தெலுங்கில் ‘விஜய’ என்னும் சொல் மறுபுறமும் பொறித்த சமஸ்தானத்துச் செப்புக் காசு அவ்வன்னையின் பெயரால் அம்மன் காசு எனப்பட்டது. அவள் கோயில் கொண்டிருக்கும் அவ்வூரில்தான் அருங்காட்சியகமும் உள்ளது. அக்காசைப் பற்றி அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விரல்நுனியில் அடங்கும் அச்சிறு காசைக் கொண்டு ஒரு நாடே வாங்கியும் விற்றும் வாழ்ந்தது என்பதை அவர்கள் அறியட்டும்.