அட்டவணை வெற்றியைத் தருமா?



பிழைப்புக்காக மும்பைக்கும் புனேவுக்கும் பெங்களூருக்கும் வந்து வாழும் நம்முடைய வாலிபர்களில் சிலர் விடுமுறை நாட்களில் கோவாவுக்குச் செல்லுகிறார்கள். பனாஜியில் மாண்டவி நதியின்மேல் நிற்கும் கேசினோ கப்பல்களின் விளக்குகள் அவர்களை அழைக்கின்றன. இருபது வருஷங்களுக்கு முன் இவ்விதமான காரியத்தைக் குறித்துச் சபையாரோடு பேசவேண்டிய அவசியம் எனக்கு உண்டாகவில்லை. இப்பொழுதோ உண்டாயிருக்கிறது.

ஒரு வாலிபர் ஆராதனை முடிந்தபின் என்னைத் தனியே சந்தித்தார். கைத்தொலைபேசியில் வண்ணக் கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டவணையைக் காட்டி, "ஐயா, இது சூது அல்ல, கணக்கு. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் எப்போது என்ன செய்யவேண்டுமென்று இதிலே இருக்கிறது. இதை மனப்பாடம் செய்தால் தோற்கமாட்டோம்" என்றார். தங்கையின் கலியாணத்திற்குச் சேர்த்திருந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை எடுத்துச் செல்ல அவர் ஆயத்தமாயிருந்தார். "பாவம்" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார் என்று அறிந்து, "ஒரு வாரம் பொறுங்கள் தம்பி, நானும் அந்தக் கணக்கைப் படித்துப் பார்க்கிறேன்" என்றேன்.

அட்டவணை பொய்யானதல்ல. அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய பால்ட்வின், காண்டி, மைசல், மெக்டெர்மாட் என்னும் நால்வர், மேஜைக் கணக்கு இயந்திரங்களைக்கொண்டு கணித்து, 1956-ல் அதை ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பின்வந்த கணினிகள் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தின. ஆனால் அது எதைச் செய்கிறது என்பதே கேள்வி.

இந்த ஆட்டத்தில் இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிகத் தொகை பெறவேண்டும். ஆடுகிறவரே முதலில் சீட்டு வாங்கவேண்டும். அவர் இருபத்தொன்றைத் தாண்டினால் அப்பொழுதே பணம் போயிற்று. பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்ப வராது. கேசினோவின் ஆதாயம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. எந்த அட்டவணையும் அதை மாற்றுவதில்லை.

உதாரணமாக, நம் கையில் பதினாறு, டீலரிடம் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சீட்டு வாங்கும்படி அட்டவணை சொல்லும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு ரூபாய்க்குச் சராசரியாக 54 பைசா நஷ்டம்; வித்தியாசம் ஒரு பைசாவும் இல்லை. இரண்டு நஷ்டங்களில் சற்றே சிறியதைக் காட்டுவதுதான் அங்கே அதின் வேலை.

டீலரிடம் ஏஸ் வந்தால் "இன்சூரன்ஸ்" என்று ஒரு பக்கப் பந்தயம் கேட்பார்கள். டீலரின் மறைந்த சீட்டு பத்தானால் இரண்டு மடங்கு தருவார்கள். பதின்மூன்று சீட்டுகளில் பத்து மதிப்புள்ளவை நான்கு. ஆகவே பதின்மூன்று ரூபாய் வைத்தால் எட்டு வரும், ஒன்பது போகும். பாதுகாப்பு என்று பெயர். உள்ளே இருப்பது நஷ்டம். இதைத் தொடவேண்டாம் என்று அட்டவணையே நேர்மையாய்ச் சொல்லுகிறது.

முழுக் கணக்கையும் காகிதத்தில் எழுதி அந்தத் தம்பிக்குக் காட்டினேன். ஆட்டத்திற்கு 1,000 ரூபாய் வீதம் நான்கு மணி நேரத்தில் 280 ஆட்டம் ஆடினால், மேஜையில் 2,80,000 ரூபாய் புரளும். மனம்போல ஆடுகிறவர் நூற்றுக்கு இரண்டு வீதம் சராசரியாக 5,600 இழப்பார். நல்ல விதிகளுள்ள மேஜையில் அட்டவணைப்படி பிழையின்றி ஆடுகிறவர், நூற்றுக்கு அரை வீதம் 1,400 இழப்பார். நுழைவுக் கட்டணமும் பிரயாணச் செலவும் வேறு. வழிகாட்டி உதவுகிறதா? உதவுகிறது, மெதுவாய்த் தோற்பதற்கு.

அவர் நெடுநேரம் மவுனமாயிருந்து, "அப்படியானால் போன தடவை நான் எட்டாயிரம் ஜெயித்தது எப்படி, ஐயா?" என்றார். நல்ல கேள்வி. அதே 280 ஆட்டங்களில் சுமார் 20,000 ரூபாய் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் சாதாரணம். ஒரு ராத்திரியின் ஜெயம் அட்டவணைக்குச் சாட்சியல்ல. ஆட்டங்கள் பெருகப் பெருக ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். அந்தச் சிறிய சதவீதமோ விடாமல் கழிந்துகொண்டேயிருக்கும்.

மெய்யாகவே ஜெயித்தவர்களும் உண்டு. எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர், வெளிவந்த சீட்டுகளை எண்ணி நினைவில் வைத்தால் சில சமயம் ஆதாயம் ஆடுகிறவர் பக்கம் சாயும் என்று 1962-ல் புத்தகமாய் எழுதினார். கேசினோக்கள் என்ன செய்தன? ஒரு சீட்டுக்கட்டுக்குப் பதிலாக ஆறும் எட்டும் கட்டுகளைக் கலந்தன; கலைக்கும் இயந்திரங்களை வைத்தன; எண்ணுகிறவர்களை வெளியே அனுப்பின. அட்டவணையையோ லாஸ் வேகாஸில் கேசினோக்களின் கடைகளிலேயே விற்கிறார்கள். தன்னைத் தோற்கடிக்கும் ஆயுதத்தை எந்த வியாபாரி விற்பான்? அமெரிக்காவில் இப்பொழுது பல மேஜைகளில், பிளாக்ஜாக் வந்தவருக்கு 1,000 ரூபாய்க்கு 1,500 என்ற பழைய கணக்கை மாற்றி 1,200 மாத்திரம் தருகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தினால் கேசினோவின் பங்கு ஏறக்குறைய 1.4 சதவீதம் உயருகிறது. விதியை எழுதுகிறவர் அவர், நாம் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேசினோவுக்கு உரிமம் தரும் கோவா அரசு, தன் மாநிலத்தாரை 2020 பிப்ரவரி முதல் அதற்குள் ஆட அனுமதிப்பதில்லை. தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதை வெளியூராருக்கு வைத்திருக்கிறது. அந்த வெளியூரார் நாமே. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டத்தினால் தடைசெய்தது. ஆயினும் வெளிநாட்டுச் செயலிகள் வாசலில் காத்திருக்கின்றன.

பிரியமானவர்களே, சிலுவையின் அடியிலே சேவகர் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப்போட்டார்கள். தங்களுக்கு மேலே நடந்துகொண்டிருந்ததை அவர்கள் நோக்கவில்லை. சூதின் பெரிய நஷ்டம் பணமல்ல. பக்கத்தில் இருப்பவர்களைக் காணாதபடி அது கண்களைக் கட்டிவிடுகிறது. தங்கையின் கலியாணப் பணம் பந்தயப் பணமாய்த் தோன்றுவது அப்படித்தான்.

ஆகையால் பெற்றோரே, மனைவிமாரே, பணம் குறைந்தால் பழித்துரைக்காமல் சாந்தமாய்க் கேளுங்கள். வெட்கப்படுத்தப்பட்டவன் கடனை மறைப்பான்; மறைத்த கடன் இரட்டிக்கும். வங்கிக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். விடமுடியாமல் தவிக்கிறவருக்காக ஜெபியுங்கள். மருத்துவ ஆலோசனையும் தேடுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். வாலிபரே, கணக்கை நம்புகிறீர்களானால் கணக்கின் முடிவையும் நம்புங்கள். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.