ஆறு கரண்டிப் பெருங்காயம்

சொந்தமாக ஒரு புஸ்தகம் போட வேண்டும் என்ற ஆசை தங்களுக்கும் உண்டா, சகோதரி? நிரம்ப சந்தோஷம். ஆனால் அச்சாபீசுக்குக் கிளம்புமுன் ஒரு நிமிஷம் உட்காருங்கள். பட்டவள் சொல்கிறேன்.

பத்திரிகையில் வேலை பார்க்கும் எனக்கு அச்சு விஷயத்தில் என்ன தெரியாது என்று ஒரு மிதப்பு. அம்மாவின் சமையல் குறிப்புகளைச் சொந்தச் செலவில் 500 பிரதிகள் போட்டேன். கடைசிப் புரூபை நானும் சரியாகப் பார்க்கவில்லை, அவளிடமும் காட்டவில்லை. புஸ்தகம் வந்ததும் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசப் பக்கத்தைத் திறந்தாள்.

"ஏண்டி, நான் எப்போ ரசத்துக்கு ஆறு கரண்டிப் பெருங்காயம் போட்டேன்?" என்றாள்.

'அரை', 'ஆறு' ஆகியிருந்தது! அட்டையில் இருந்ததோ அவள் பெயர்.

பிற்பாடு, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு ஒரு வேலையாகப் போனபோது அண்டிரிக் அடிகளாரின் நினைவு வந்தது. அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம்! அதற்காக 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்கள். அதோடு திருப்திப்படாமல், மறு வருஷம் கொல்லத்தில் வேறு எழுத்து வார்த்தார்கள். பெரிய புஸ்தகமான 'அடியார் வரலாறு' 1586-ல்தான் வந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் புன்னைக்காயலிலேயே அச்சானதாக அறிஞர் பலர் கருதுகிறார்கள். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் யார் தெரியுமா? அந்தப் புஸ்தகங்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ, அந்த முத்துக்குளித்துறைப் பரதவர்களேதான்!

முதலில் சின்னது, பிறகு பெரியது. எழுத்து சரியில்லையென்றால் மறுபடி வார்ப்பது. படிக்கப் போகிறவர் யாரென்று முன்பே தெரிந்து வைத்திருப்பது. நான் கோட்டை விட்டது இத்தனையையும்தான்.

ஆகையால், கையெழுத்துப் பிரதியை முதலில் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். சமையல் புஸ்தகமானால் அதைப் பார்த்து ஒருத்தி சமைத்தே பார்க்கட்டும். கடைசிப் புரூபை, முன்பு பார்க்காத ஒருவர் பார்க்கட்டும். இப்போது ஐம்பது பிரதிகள்கூடப் போட்டுத் தருகிறார்கள். அவை தீர்ந்த பிறகு மேற்கொண்டு போடலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணை நம் நாட்டில் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என் 500 பிரதிகள் என்ன ஆயின என்கிறீர்களா? நானும் அம்மாவும் நாலு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பேனாவால் 'அரை' என்று திருத்தினோம். அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் உறைக்கிறது.