சாமி காடும் சர்க்கார் காடும்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "சரியான புறம்போக்குடா நீ" என்று வைதார். வைதவரும் சிரித்தார், வசவு வாங்கிக்கொண்டவரும் சிரித்தார். சிநேகிதர்கள் போலிருக்கிறது. எனக்குத்தான் அந்த வார்த்தை மனத்தில் முள் மாதிரி ஒட்டிக்கொண்டது. புறம்போக்கு என்றால் என்ன? தனி ஒருவனுக்குப் பட்டா கொடுக்காமல், தீர்வை போடாமல், பொதுவுக்கென்று புறத்தே விட்டுவைத்த நிலம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். எல்லாருக்கும் சொந்தம் என்று பொருள்படுகிற ஒரு சொல்லை எப்படியோ வசைச் சொல்லாக்கிவிட்டோம்.

பிறரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு புறம்போக்கு இருந்தது. காரையும் சூரையும் மண்டிய கரடு. கீரி உண்டு, விடியற்காலையில் கௌதாரி கத்தும். வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது எங்கள் வேலி ஒரு முழம் அந்தப் பக்கம் நகரும். தகப்பனார் வேலி கட்டுகிற ஆளிடம் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். அவனுக்குப் புரிந்துவிடும். பன்னிரண்டு வயதில் எனக்கும் புரிந்தது. கௌதாரிக் கத்தல் எந்த வருஷம் நின்றது என்பது மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பஸ் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், மலை ஏறத் தொடங்கியது. கிழக்குத் தொடர்ச்சி மலை என்று புத்தகத்தில் பெயர்தான் தொடர்ச்சி. உண்மையில் ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஏற்காட்டைத் தவிர்த்தால், நீலகிரியைப் போல் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் மலைகள் அல்ல இவை. பேர் பெற்ற மலைக்கு ஓர் அநீதி நடந்தால் நாலு பேர் பத்திரிகைக்குக் கடிதமாவது போடுவார்கள். கல்வராயனுக்கு யார் எழுதுகிறார்கள்?

என் பக்கத்தில் ஒரு முதியவர். கள்ளக்குறிச்சியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறாராம். மலையாளி இனத்தவர். கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள்; மலைவாசி என்ற பொருளில்தான் அந்தப் பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

ஒரு வளைவில் சரிவு முழுவதும் மரவள்ளி. அதன் நடுவே, யாரோ மறந்து விட்டுப்போன கறுப்புக் கம்பளி மாதிரி, ஒரு அடர்ந்த தோப்பு.

"அது யார் காடு, பெரியவரே?"

"சாமி காடுங்க ஐயா."

"வெட்டமாட்டார்களா?"

"சுள்ளிகூட எடுக்கமாட்டோங்க."

எதிர்ப்புறச் சரிவைக் காட்டினேன். அங்கங்கே மொட்டை விழுந்திருந்தது.

"அது சர்க்கார் காடுங்க" என்றார், கோர்ட்டில் வழக்குள்ள பங்காளி வீட்டைக் காட்டுவது போல.

"அங்கே மட்டும் ஏன் இப்படி?"

"காவல் யாருதோ, அவங்களைக் கேக்கணுங்க."

குறும்பாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

நாடெல்லாம் ஜமீன்கள் போன பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சர்க்கார் கைக்கு வந்தது 1976-ல். அதுவரை மலை ஜாகீர்தாருக்கு, அதன் பிறகு இலாகாவுக்கு. நடுவில், கடுக்காய் பொறுக்கி, சாமை விதைத்து, கரடி வரும் வழி எது, ஊற்று வற்றாத மடு எது என்று அறிந்தவனுக்கு எந்தக் கடுதாசியிலும் இடம் இல்லை. சொந்தக் காட்டில் அவன் அத்துமீறி நுழைந்தவன்! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் சமவெளிக்கு இப்படி ஒரு மலை இருப்பது நினைவுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்து மலைமக்களின் நிலையை விசாரிக்க வேண்டியிருந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2015 ஏப்ரலில் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைச் சுட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள். மலைவாசிகளும் அதில் உண்டு. மரத்தை அறிந்த கைக்குக் காவல் வேலை கிடைக்கவில்லை. கோடரி வேலை கிடைத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், கிராம சபை தன் காட்டைத் தானே காக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவதற்குக் கோர்ட்டின் இடைக்கால உத்தரவு குறுக்கே நின்றது, 2016-ல்தான் விலகியது. காட்டை அவர்கள் கையில் கொடுத்தால் தின்று தீர்த்துவிடுவார்கள் என்று படித்த சிநேகிதர்கள் சிலர் வாதாடுவார்கள். நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன்தான். சாமி காட்டின் ஓரத்தையும் மரவள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பதைப் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் தகப்பனாரின் கனைப்பு மலையிலும் கேட்கும். ஆனாலும் 2013-ல் ஒடிசாவின் நியமகிரியில் பாக்ஸைட் சுரங்கம் வேண்டுமா என்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 12 கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. நம் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஊர் அது. அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-ல் ஏலம் முடிந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7-ந் தேதி ஜனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதம் 23-ந் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. வல்லூறு கூடு கட்டும் பாறைக்காக விவசாயி வெயிலில் நடந்தான். அவனை யாரும் காவலுக்கு நியமிக்கவில்லை.

இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டார்.

"அவங்களைக் கேட்டாங்களா, அவங்களாப் போய்ச் சொன்னாங்களா?"

"அவர்களாகத்தான் போய்ச் சொன்னார்கள்."

"அப்படிங்களா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தம் ஊர் வந்ததும் மருந்துப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு இறங்கினார். சாமி காடு இருந்த திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் தம்பி டெலிபோனில் கூப்பிட்டான். அடுத்த வாரம் கொல்லை வேலி அடைக்க ஆள் வருகிறதாம்.

"இந்தத் தடவை நான் வந்து கூட நிற்கிறேன்" என்றேன்.

மறுமுனையில் தம்பி தொண்டையைக் கனைத்தான்.