குப்பியின் அடியில் தெரிவது

எல்லா எஞ்சினுக்கும் ஒத்துப்போகும் என்று சொல்லி ஒரு கடைக்காரர் விற்ற வடிகட்டியை நம்பி, என் பள்ளித் தோழனின் தம்பி இரண்டு முறை கடலில் நின்றுவிட்டான். இரண்டாவது முறை, அலை மடிந்து விழும் இடத்திலேயே. வள்ளம் குறுக்கே திரும்பி ஒரு வலை போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் முட்டத்திலுள்ள மெக்கானிக்கிடம் போவதென்று முடிவானது. எனக்கு எஞ்சின் ஞானம் பைக்கோடு சரி. வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன்.

முட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கலங்கரை விளக்கமும் சினிமாவில் பார்த்த பாறைகளும் நினைவுக்கு வரும். இந்தக் கரையில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அது படகு கட்டும் ஊர். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே, கட்டுமரத்துக்கு மாற்றாக ஒட்டுப்பலகை வள்ளங்களைச் செய்து பார்த்தது இங்கேதான். அந்த அனுபவத்தை 1985-இல் புத்தகமாகவும் எழுதினார். சிறியது கடினம் என்ற பொருளில் தலைப்பு. அன்று மாலை அந்தத் தலைப்பு எனக்கு இரண்டு மூன்று தடவை நினைவுக்கு வந்தது.

தகரக் கொட்டகை. நடுவில் பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய் நிறையத் தண்ணீர். எஞ்சினின் காலை அதற்குள் இறக்கிவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். வெறுங்காற்றில் ஓட்டினால் தண்ணீர் இழுக்கும் ரப்பர் விசிறி கருகிப்போகும். மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் கொண்டுபோன 9.9 குதிரைத்திறன் எஞ்சினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எண்ணெய எதுல வச்சிருக்க மக்கா?”

“வீட்டுல பீப்பாயில. காலைல கேன்ல ஊத்திக் கொண்டு போவேன்.”

கேனின் அடியிலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சி, ஒரு வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மேசையில் வைத்தார். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். அது எப்படி அவன் கேனுக்குள் வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குப்பிக்குள் ஒரு கோடு விழுந்தது. மேலே நீலம், அடியில் ஒரு விரல் கனத்துக்கு நிறமே இல்லை.

“இவ்வளவு தண்ணிய எந்த வடிகட்டி புடிக்கும்?” என்றார்.

பீப்பாய் மூச்சு விடும் என்பது எனக்குப் புதிது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளியிலிருந்து இழுக்கும். நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதைத்தான் உறிஞ்சும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி உருட்டி வைக்கவேண்டுமாம். இடமில்லையென்றால் அடியில் கட்டை கொடுத்துச் சாய்க்கலாம். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கும், மூடி மேட்டில் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் வடிகட்டிப் பேச்சு. கடைக்காரர் விற்றதை மேசையில் போட்டார். பெருவிரல் அளவு பிளாஸ்டிக், உள்ளே மடித்த தாள். பைக்கில் மாட்டுவது. தூசியை நிறுத்தும், தண்ணீரை விட்டுவிடும். பக்கத்தில் அவர் வைத்தது வேறு சாதி: மேலே அலுமினியத் தலை, அதில் திருகும் டப்பா, டப்பாவுக்கு அடியில் உள்ளே தெரிகிற கிண்ணம், கிண்ணத்தின் அடியில் வடிக்கும் திருகு. எண்ணெய் குறுகிய குழாயிலிருந்து அகலமான டப்பாவுக்குள் வந்ததும் வேகம் குறைகிறது. பொடிப்பொடியான நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துக் கீழே இறங்குகின்றன. பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் கனமானது என்பதால் அதில் துளி இறங்க நேரமெடுக்கும். ஆகவே டப்பா பெரிதாக இருப்பது நல்லது. மணிக்கு இருநூறு லிட்டருக்கு மேல் விடும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. இவன் எஞ்சின் குடிப்பதோ மணிக்கு ஒரு சில லிட்டர். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம், இடம்தான் வேண்டும் என்றார்.

வடிகட்டியின் கண் 10 மைக்ரான் இருந்தால் போதும் என்றார். சல்லடைக் கண் பொடியாக இருந்தால் நல்லதுதானே என்று நான் வாயைக் கொடுத்தேன். 2 மைக்ரான் டீசல் எஞ்சினுக்கு உள்ளது. இந்த எஞ்சினின் சின்ன பம்பு அதன் வழியே இழுக்கத் திணறும், சீக்கிரம் அடைத்தும் கொள்ளும்.

தம்பிக்கு ஒரு யோசனை. இந்த எஞ்சின் பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். அணைப்பதற்குமுன் மறுபடி பெட்ரோல். இரண்டு குழாயும் சேர்ந்த பிறகு மாட்டினால் ஒரே வடிகட்டியில் முடியுமே?

“முடியும். ஆனா நீ பெட்ரோலுக்குத் திருப்பினாலும் டப்பாவுல கெடக்குற மண்ணெண்ணெய்தான் முதல்ல வரும். அது தீருமுன்ன அணைச்சிருவ. மறுநாள் காலைல கயித்த இழுத்துத் தோள் போயிரும்.”

மண்ணெண்ணெய்க் குழாயில், பெட்ரோலுக்கு மாற்றித் திருப்பும் வால்வுக்கு முன்னால், கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றும் பல்புக்கும் முன்னால், நிமிர்ந்த நிலையில், குனியாமல் பார்க்கக்கூடிய இடத்தில். அவ்வளவுதான் விதி. பெட்ரோலுக்கு வடிகட்டியைவிட எச்சரிக்கைதான் உதவும் என்றார். பங்கில் இப்போது கிடைப்பதில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. அது தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். கரைந்த தண்ணீரை இந்த டப்பா பிரிக்காது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் அந்த அடிப்பகுதியோடு சேராது. எஞ்சின் அதைக் குடித்தால் பிஸ்டன் பசையில்லாமல் ஓடி இறுகிவிடும். தேவைக்குக் கொஞ்சமாக, புதிதாக வாங்கு என்றார்.

100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்று என்கிறது கையேடு. பொழுதுபோக்குக்குக் கடலுக்குப் போகிறவர்களை நினைத்து எழுதியது போலும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு 100 மணி என்பது இரண்டு வாரம்கூட இல்லை. அதனால்தான் மெக்கானிக் வடிகட்டியின் விலையைப் பேசாமல், மாற்று டப்பா நாகர்கோவிலில் கிடைக்குமா, மரை ஒரு அங்குலமா அதைவிடச் சிறிதா என்று நச்சரித்தார். மரை மாறினால் எத்தனை உசந்த டப்பாவும் ஏறாது. தினமும் கிண்ணத்தைப் பார்த்து வடித்துவந்தால் டப்பா கூடுதல் நாள் தாங்கும் என்பது அவர் கணக்கு. கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, எனக்கு நியாயமாகப் பட்டது.

மாட்டி, பல்பை அமுக்கினார். கிண்ணத்தில் நீலம் ஏறியது. பீப்பாய்த் தண்ணீரில் எஞ்சின் உறுமியது. தம்பி எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவன் தலையைப் பிடித்துக் கிண்ணத்தின் பக்கம் திருப்பினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. பீப்பாய் சுவரோரம் நிமிர்ந்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தோம். தலையில் மழைத் தண்ணீர், அதில் முருங்கை இலைகள் மிதந்துகொண்டிருந்தன. தம்பி அதைக் கையால் வழித்து ஊற்றிவிட்டு, அடியில் வைக்க ஒரு கட்டை தேடிப் போனான்.