கீழூரும் ஒரு கைநாட்டும்

நெட்டப்பாக்கம் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் டாக்டர். இன்னைக்கு மருந்து, மாத்திரை பத்தி இல்லைங்க, ஒரு ஊரைப் பத்தி. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

போன மாசம் ஓபியில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை நீட்டி, மை டப்பாவைத் தள்ளி, "இங்க கைநாட்டு வைங்க பாட்டி"ன்னேன். வெளியே நீள வரிசை.

பாட்டி கையை நீட்டல. "இதுல என்னப்பா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு. ஒரு காயிதம் எழுதிக் குடுக்காமப் போய்த்தான் எங்க குடும்பம் ரெண்டாச்சு."

கொழுந்தனார் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார், அவர் பிள்ளைங்க இப்போ பிரான்சுல. பாட்டியோட வீட்டுக்காரர் கொடுக்கல. "ஆறு மாசக் கெடுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

அந்த ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு வில்லியனூர் பக்கம் இருக்கிற கீழூருக்குப் போனேன். நினைவுத் தூண், கொடிமரம், சுத்தி வயக்காடு. கூட்டமே இல்ல.

ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கதான்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லை. இங்க நடந்தது வாக்கெடுப்பு. 1954 அக்டோபர் 18. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு.

அதுக்குச் சில மாசம் முன்னாடி, நம்ம நெட்டப்பாக்கத்துல தேசியக்கொடி ஏறி, எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசே நடந்திருக்கு. நான் தினமும் டீ குடிக்கிற ஊர்ல!

நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. நேருவும் பிரெஞ்சுத் தூதரும் டெல்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து அது அமலுக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் கீழூர்ல கொடியேத்துறது அதனாலதான்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் படிச்சேன். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர் ஆவாங்க. வேண்டாம்னா ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். பாட்டி சொன்ன அதே கெடு.

எங்க தொழிலுக்கும் ஒரு வரி இருக்கு. பிரெஞ்சுக் காலத்துல இங்கே படிச்ச 'உள்ளூர் மருத்துவர்'கள் தொடர்ந்து வைத்தியம் பார்க்கலாம்னு எழுதியிருக்காங்க. 1823-ல் தொடங்கின மருத்துவப் பள்ளி, இன்னைக்கு ஜிப்மர். ரெண்டு நாடுகள் உட்கார்ந்து பேசினப்போ, ஏதோ ஒரு கிராமத்து வைத்தியரோட பொழைப்பையும் யாரோ நினைச்சிருக்காங்க.

ஆனா அந்தக் காகிதம் பாட்டி வீட்டு வாசல் வரைக்கும் வரல. சண்டை இல்லாம ஒரு நிலம் கைமாறினது பெரிய விஷயம்தான். 170 பேர் ஆதரிச்சதுக்கு நானும் சந்தோஷப்படறேன். பாட்டியும் இந்தியரா இருக்கறதுல குறைபட்டுக்கல. "கேட்டுட்டு வேணாம்னு சொல்லியிருப்போம்ல"ங்கிறதுதான் அவங்க வருத்தம்.

படிவத்துக்கு வர்றேன். அன்னைக்கு வரி வரியா படிச்சுக் காட்டினேன். 'மருந்து ஒவ்வாமை' வந்ததும் நிறுத்தினாங்க. "ஒரு தடவை ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டிடுச்சே, அதுவா?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கல. அவங்க கைநாட்டு மட்டும் கேட்டேன். சிவப்பு மையில் பெருசா எழுதி அனுப்பினேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது.

இப்போ படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கறேன். ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம் கூடுது, வரிசையில திட்டறாங்க. திட்டட்டும்.

நீங்களும் ஒரு தடவை கீழூர் போய் வாங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிட்டுப் போங்க, அவங்க சொல்றது கல்வெட்டுல இருக்காது. எந்த ஆஸ்பத்திரியில கையெழுத்துக் கேட்டாலும், "படிச்சுச் சொல்லுங்க டாக்டர்"னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.