மாமனார் பெயரில் பட்டா, மருமகள் கையில் மனு

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. அந்த ஊர்க்காரர்கள் பலர் பிழைப்புக்காக இருந்ததோ திருப்பூரில்!

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில், மொத்த விலை பனியன் கடை ஒன்றில் பில் போடும் இளைஞர் அவர். உள்ளூர்க்காரர். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால், நிவாரண மனு எழுத அவரைத் தேடி வந்தார்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு, பனியன் பண்டலே மேஜையாகிவிடும்.

முழுதாக இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பாதி சேதத்துக்கு 4,100 என அரசு அறிவித்திருந்தது. விழுந்த தென்னைக்கு 600, அதை வெட்டி அகற்ற 500. ஆக மரத்துக்கு 1,100 ரூபாய். கேட்க எளிதாகத்தான் இருந்தது. காகிதம் என்று வந்தபோதுதான் சிக்கல்.

பேராவூரணிப் பக்கத்துப் பெண் ஒருவர், செக்கிங் வேலை பார்ப்பவர். 41 மரம் போய்விட்டது. கணக்குப்படி 45,100 ரூபாய்.

"அக்கா, சிட்டா யாரு பேருல இருக்குதுங்க?"

"மாமனாரு பேருலதான் தம்பி. அவரு போயி ஒன்பது வருசமாச்சு."

வாரிசுச் சான்று வாங்கவில்லை. பட்டா மாற்றவில்லை. வாரிசுகள் எல்லாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கொழுந்தனார் ஓடி வந்து போட்டுவிட்டார். நாத்தனாரோடுதான் பேச்சுவார்த்தையே இல்லை. 'அவரை விட்டுட்டு எழுதிடேன் தம்பி' என்று அந்த அக்கா கேட்டார்.

"அப்படி எழுதக்கூடாதுங்க்கா. அவங்களுக்கும் அதுல பங்கு இருக்குதுங்க."

இரண்டு நாள் யோசித்தவர், மூன்றாம் நாள் அந்தக் கடை போனிலிருந்தே நாத்தனாரை அழைத்தார். முதலில் இருவரும் அழுதார்கள். பிறகுதான் மரக்கணக்கு பேசினார்கள். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய், கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வந்தபோது இருவரும் தோப்பில் சேர்ந்தே நின்றார்கள். வந்த பணத்தில் நாத்தனார் பங்கும் பிரிந்தது.

மற்ற மனுக்களிலும் இதே கதைதான். ஆதாரில் ஓர் இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல். வருடக்கணக்கில் வரவு செலவே இல்லாமல் முடங்கிப்போன வங்கிக் கணக்கு. போட்டோ எடுக்கும் முன்பே வெட்டி அகற்றப்பட்ட மரங்கள்.

வருடந்தோறும் ஐப்பசியும் கார்த்திகையும் வரத்தான் செய்கின்றன. புயல் வந்த பிறகு ஓடுவதைவிட, வெயில் காயும்போதே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடலாம்: பட்டா யார் பெயரில் இருக்கிறது? அப்படியே, பேசாமல் விட்ட உறவுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்களேன். மனுவில் அவர்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.