குற்றவாளி யார்?



துப்பறியும் நாவல் வாசிப்பது பாவமா என்று நம் அமராவதி நகர் வாலிபர் சிலர் கேட்கிறார்கள். அருகிலுள்ள கோவையிலிருந்து ராஜேஷ்குமார் எழுதியவையே 1,500க்கும் மேல். பனியன் கம்பெனிக்குச் செல்லும் பேருந்திலும் அவை விரிகின்றன.

1910இல் செஸ்டர்டன் படைத்த துப்பறிவாளர் ஃபாதர் பிரவுன் ஒரு குருவானவர். அந்தக் குற்றத்தைச் செய்யத்தக்கவன் நானும்தான் என்று தம்மை நிறுத்திப் பார்த்தே அவர் குற்றவாளியைக் கண்டடைவார்.

நாத்தான் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள் (2 சாமுவேல் 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்தவன்மேல் தாவீது ராஜா கோபமூண்டு, தீர்ப்பும் சொன்னார். குற்றவாளி தாமே என்பது பிறகே விளங்கிற்று. உரியாவின் இரத்தம் மனிதருக்கு மறைந்திருந்தது, கர்த்தருக்கு மறைந்திருக்கவில்லை.

ஆகவே வாசியுங்கள், ஆனால் பிறரையே சந்தேகிக்கப் பழகிவிடாதிருங்கள். வீட்டிலும் வேலைத்தலத்திலும் நீங்கள் மூடிவைத்திருப்பது எது? இன்றிரவே அதைக் கர்த்தரிடம் அறிக்கையிடுங்கள். நாவலில் உண்மை வெளிப்பட்டால் குற்றவாளி கைதாவான், கதை முடியும். தாவீதோ உண்மையை ஒப்புக்கொண்டார்; அதன் விளைவுகளைச் சுமந்தார்; ஆயினும் மன்னிப்பைப் பெற்றுத் தொடர்ந்து வாழ்ந்தார்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.